மூக்கோரத்துக் கறுப்புப் பரு



இந்த மாதம் ஒரே ஒரு கடிதத்துக்கு மட்டும் பதில் எழுதப் போகிறேன். மூட்டுவலி, நீரிழிவு என்று எழுதியிருக்கும் மற்ற அன்பர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சிரம்பானை அடுத்த செனவாங்கிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு வயது 84. பகாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 15 வயதில் வெளிக்காட்டு வேலைக்குப் பேர் பதிந்து, புல் வெட்டி, மருந்து அடித்து, பிற்காலத்தில் பால்மரமும் வெட்டி, 55 வயதில் ஓய்வு பெற்றவர். இடது மூக்கோரத்தில் மூன்று வருடமாக ஒரு கறுப்புப் பரு. முதலில் கடுகளவு இருந்ததாம். இப்போது பட்டாணி அளவு. வலி இல்லை, அரிப்பும் இல்லை. முகம் கழுவும்போது சில நாள் இரத்தம் கசியும், பொருக்குத் தட்டும், ஆறியதுபோல் இருக்கும், மறுபடி கசியும்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா, சுண்ணாம்பு வைத்தால் கருகி விழுந்துவிடும் என்கிறாராம். அண்ணன், “இந்த வயதில் அம்மாவைக் கத்திக்குக் கொடுப்பதா?” என்கிறாராம். தாயாரோ அது பெருவியாதியாக இருக்குமோ என்று பயந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் முந்தானையால் மூக்கை மறைத்துக்கொள்கிறாராம். “டிரஸ்ஸர் ஐயா, இது புற்றுநோயா? ஆமென்றால் அம்மா எவ்வளவு காலம் இருப்பார்?” என்று கேட்டு முடித்திருக்கிறார் சகோதரி.

பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனால் மூன்று வருடம், மூக்கோரம், கசிந்து பொருக்குத் தட்டி மறுபடி கசிவது ஆகிய இந்த அடையாளங்களைக் கேட்டால், தோல் டாக்டர் யாரும் முதலில் நினைப்பது ஒன்றைத்தான். பேசல் செல் கார்சினோமா என்பார்கள். தமிழில் அடித்தள உயிரணுப் புற்றுநோய் எனலாம். ஆம் சகோதரி, அது புற்றுநோய் வகைதான். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் மனதில் வரும் பயங்கரம் இதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. இது வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஊரும். நுரையீரலுக்கோ ஈரலுக்கோ தாவுவது மிக மிக அபூர்வம். எவ்வளவு காலம் இருப்பார் என்ற கேள்வியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். எவ்வளவு சீக்கிரம் டாக்டரிடம் காட்டலாம் என்பதுதான் கேள்வி.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்நோயை விளக்குவது சுலபம். உளி ஆழமாகப் போய் மரத்தில் காயம் பட்டுவிட்டால் கங்காணி ஏன் அப்படிச் சத்தம் போட்டார்? பட்டைக்கு அடியில் மெல்லிய ஈரப்படலம் ஒன்று இருக்கிறது. புதுப்பட்டை வளர்வது அதிலிருந்துதான். அது கெட்டால் பட்டை சீராக வளராது, முண்டும் முடிச்சுமாகக் கிளம்பும். நம் மேல்தோலும் அப்படியே. அதன் அடிவரிசையிலுள்ள உயிரணுக்கள் நாள்தோறும் புதுத்தோலை உண்டாக்கி மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. பல வருட வெயிலாலோ வேறு நஞ்சாலோ அவற்றுள் ஒன்று தறிகெட்டு, கணக்கில்லாமல் பெருகத் தொடங்கினால் அதுதான் இந்நோய்.

1827ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்துக் கண் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் என்பவர் கண் இமையில் வரும் இந்தப் புண்ணை முதன்முதலாக விவரித்து எழுதினார். பிறகு வெள்ளைக்காரர்கள் இதற்கு எலி கொறித்த புண் என்று ஒரு பெயர் வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். எலி ஒரே நாளில் மூட்டையைத் தின்று தீர்ப்பதில்லை. மூலையில் கொறிக்கத் தொடங்கும், நாமும் சின்ன ஓட்டைதானே என்று இருந்துவிடுவோம்.

அப்படி இருந்துவிட்டவர்களில் நானும் ஒருவன். 1970களின் நடுவில், போர்ட்டிக்சன் சாலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் டிரஸ்ஸராக இருந்தேன். பால்மரம் வெட்டும் ஓர் அம்மாள், ஐம்பது வயதிருக்கும், வலது கண்ணின் உள்மூலையில் சிறு கட்டியோடு வந்தார். கண்கட்டி என்று நினைத்துக் களிம்பு கொடுத்தேன். பொருக்கு விழுந்தது, எனக்குத் திருப்தி. அடுத்த மாதம் மறுபடி வந்தார், மறுபடி களிம்பு. இப்படியே எட்டு மாதம். தோட்டத்துக்கு முறைவைத்து வரும் டாக்டரிடம் ஒருமுறை காட்டியிருக்கலாம். இதற்கெல்லாமா டாக்டர் என்ற என் கர்வம் விடவில்லை. கடைசியில் டாக்டர் தற்செயலாகப் பார்த்துத் திடுக்கிட்டு, அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். புண் கண்குழிக்குள் இறங்கியிருந்தது. கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. அந்த அம்மாள் அதன்பின் இருபது வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் “ஐயா” என்று கும்பிட்டார். ஒரு சொல் குறை சொன்னதில்லை. அந்தக் கும்பிடு எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஆகவே சகோதரி, சுண்ணாம்பு வேண்டாம். சுண்ணாம்பும் சவர்க்காரமும் குழைத்து மரு எடுப்பது தோட்டங்களில் பழைய பழக்கம். நானே எத்தனையோ முகங்களில் அந்தத் தழும்பைப் பார்த்திருக்கிறேன். அது மேலே இருப்பதைப் பொசுக்கும். அடியில் இருப்பது தழும்புக்குக் கீழே ஒளிந்துகொண்டு பக்கவாட்டில் பரவும். ரப்பர் மரத்துக்கு வரும் வெள்ளை வேர்நோயைப் பார்த்திருப்பீர்கள். மேலே இலை பச்சையாக இருக்கும்போதே மண்ணுக்கடியில் வேர் வேராகத் தொற்றிக்கொண்டு போகும். அதே சங்கதிதான். மயிர்க் கயிறு கட்டுவது, பிளேடால் சீவுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாவற்றுக்கும் இதே பதில்.

பெருவியாதி பயத்தைப் பற்றியும் ஒரு சொல். 1930இல் சுங்கை பூலோவில் தொழுநோயாளர் குடியிருப்பு திறந்ததிலிருந்து, குடும்பத்தைப் பிரித்து அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் நம் லயங்களில் குடிகொண்டது. அதனால்தான் முகத்தில் எது வந்தாலும் முந்தானை முதலில் வருகிறது. தொழுநோய்த் தேமலில் உணர்ச்சி மங்கியிருக்கும். அது இப்படிப் பட்டாணி போல் திரண்டு இரத்தம் கசியாது. தவிர, இன்று தொழுநோய்க்கும் மாத்திரையால் முழுக் குணம் உண்டு. உங்கள் தாயாரிடம் உள்ளது யாருக்கும் ஒட்டாது. பேரப்பிள்ளைகளைத் தாராளமாகக் கொஞ்சலாம்.

நம்மவர் தோலில் இந்நோய் எப்படி இருக்கும்? வெள்ளைக்காரர்களுக்கு இது முத்துப்போல் பளபளக்கும் இளஞ்சிவப்புக் கட்டி. நமக்குப் பெரும்பாலும் கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோ வரும். அதனால் மச்சம் என்று ஏமாந்துபோகிறோம். உற்றுப் பார்த்தால் எண்ணெய் தடவிய மணிபோல் ஒரு மினுமினுப்பு இருக்கும். ஓரம் வரப்புபோல் உயர்ந்து, நடுவில் குழி விழலாம். மூக்கு, கண்ணோரம், கீழிமை, கன்னம், மேலுதடு, காதைச் சுற்றிய இடம் ஆகியவைதான் இதற்குப் பிடித்த இடங்கள். சிறு வயதிலிருந்து மாறாமல் இருக்கும் மச்சத்துக்குப் பயப்பட வேண்டாம். நடுவயதுக்குமேல் புதிதாக முளைத்தது, ஒரு மாதமாகியும் ஆறாதது, ஆறி ஆறிக் கசிவது, இவற்றைத்தான் காட்ட வேண்டும்.

கறுத்த தோல் நமக்கு இயற்கை கொடுத்த குடை. ஆகவே இந்நோய் நம்மவர்க்கு வெள்ளையரைவிட மிகக் குறைவு. ஆனால் குடை இருப்பதால் மழையே பெய்யாது என்று ஆகாதல்லவா? பிறவியிலேயே நிறமில்லாத வெள்ளைத்தோல் பிள்ளைகளுக்கு அந்தக் குடையும் இல்லை. அவர்களுக்கு இளவயதிலேயே தோல் புற்றுநோய் வரக்கூடும். உங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் முழுக்கைச் சட்டை, அகன்ற தொப்பி இல்லாமல் பள்ளித் திடலுக்கு அனுப்பாதீர்கள்.

இனி, கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த இடத்துக்கு வருகிறேன். “மருந்து அடித்து” என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்கள். 15 வயதில் வேலைக்குப் போனார் என்றால் அது 1950களின் நடுப்பகுதி.

அந்தக் காலத்தில் மலாயாத் தோட்டங்களில் லாலாங் புல்லையும் மற்றக் களைகளையும் அழிக்கச் சோடியம் ஆர்சனைட் என்ற மருந்தை அடித்தார்கள். மறுநடவுக்கு முன் பழைய ரப்பர் மரங்களைப் பட்டையைச் சுற்றிச் சீவி, இதே மருந்தைப் பூசிச் சாகடித்தார்கள். ஆர்சனிக் என்பது நம் பாட்டி வைத்தியத்தில் பாஷாணம் என்று சொல்கிற அதே நஞ்சு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. மருந்து அடித்த புல்லை மேய்ந்து மாடு செத்த கதையை வயதானவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கையுறை ஏது, முகமூடி ஏது? மருந்து கலக்கிய கையை வாய்க்காலில் அலசிவிட்டுச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். 1960களில் கிராமாக்சோன் என்று நாமறிந்த பாராகுவாட் வந்து ஆர்சனைட்டின் இடத்தைப் பிடித்தது. அதுவும் சாமானிய நஞ்சல்ல. நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து அதற்குத் தடை. அதன் கதை வேறு, இன்னொரு மாதம் எழுதுகிறேன்.

ஆர்சனிக் தோல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெரிந்த விஷயம். அப்போது ஆர்சனிக்கை மருந்தாகவே குடிக்கக் கொடுத்து வந்தார்கள். அதை நெடுநாள் குடித்தவர்களுக்கு இப்படி வருவதை லண்டன் மருத்துவர் ஜொனாதன் ஹட்சின்சன் எழுதிவைத்தார். ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டக்காரர்கள் பூச்சிக்கு ஆர்சனிக் அடித்தார்கள். 1942இல் அதைத் தடுத்த பின்பும் பல வருடம் கழித்து அவர்களுக்குப் புற்றுநோய்கள் வந்துகொண்டிருந்தன. தைவானின் தென்மேற்குக் கரையில் ஆழ்கிணற்று நீரில் ஆர்சனிக் கலந்திருந்தது. அங்கே 40,421 பேரைப் பரிசோதித்து 1968இல் வெளியிட்ட ஆய்வில் 428 பேருக்குத் தோல் புற்றுநோய் இருந்தது. நமக்குப் பக்கத்தில், தென் தாய்லாந்தின் ரோன் பிபூன் என்ற ஈயச்சுரங்க வட்டாரத்தில், 1987இல் இதே பாதிப்பு வெளிச்சத்துக்கு வந்தது.

இந்த நஞ்சின் குணம் என்னவென்றால் அவசரப்படாது. உடம்புக்குள் போய் இருபது, முப்பது, நாற்பது வருடம் கழித்துக்கூடத் தோலில் வேலையைக் காட்டும். உங்கள் தாயாருக்கு வந்திருப்பது அதனால்தான் என்று நான் சொல்லவில்லை. மூக்கோரம் வெயில் படும் இடம். வெயிலே காரணமாக இருக்கலாம். ஆனால் ஆர்சனிக் என்றால் ஒரு பருவோடு நிற்பது அபூர்வம். ஆகவே ஒரு காரியம் செய்யுங்கள். நல்ல வெளிச்சத்தில் அம்மாவை உட்காரவைத்து உள்ளங்கை, உள்ளங்கால், முதுகு, வயிறு எல்லாவற்றையும் பாருங்கள். பால்மரம் வெட்டியவர் கையில் காய்ப்பு இருக்கத்தான் செய்யும். ஆனால் அது உளி பிடிக்கும் இடத்தில்தான் இருக்கும். இரண்டு உள்ளங்கைகளிலும், பாதத்தின் உராயாத இடங்களிலும் சோள மணிபோல் கெட்டி கெட்டியாகப் புள்ளிகள் இருந்தால் அது உளிக் காய்ப்பு அல்ல. முதுகில் கருமைக்கு நடுவே மழைத்துளி தெறித்ததுபோல் வெளுத்த புள்ளிகள் இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தப் படைக் களிம்புக்கும் அசையாமல் செதிள் உதிர்க்கும் தடிப்பு, துணி மூடிய இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைப் படர்தாமரை என்று நினைத்து வருடக்கணக்கில் களிம்பு தேய்த்தவர்கள் உண்டு.

டாக்டரிடம் போகும்போது, “அம்மா அந்தக் காலத்தில் தோட்டத்தில் புல் மருந்து அடித்தவர்” என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். இன்றைய இளம் டாக்டர்கள் நகரத்துப் பிள்ளைகள். 1950களில் தோட்டத்தில் என்ன மருந்து அடித்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஆர்சனிக் என்றால் நுரையீரலையும் மூத்திரப்பையையும்கூட அவர்கள் கவனிக்க வேண்டும். சிறுநீரில் இரத்தம் கண்டால் சூடு என்று சொல்லி இளநீர் குடித்துக்கொண்டு இருந்துவிடக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். பதிவு எண் இல்லாத லேகியமும் சூரணமும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். மனோசிலை, அரிதாரம் என்ற பெயர்களில் சில பழைய மருந்துகளில் சேர்வதும் ஆர்சனிக்தான். நம் நாட்டில் பதிவான மருந்தின் உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண் இருக்கும்.

சரி, எங்கே போவது? முதலில் பக்கத்திலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். அங்கே ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போகலாம். குடிமக்களுக்கு கிளினிக்கில் கட்டணம் 1 வெள்ளி, நிபுணர் பிரிவில் 5 வெள்ளி. சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் முதியவர்கள் கட்டணத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. தவணைத் தேதி தள்ளிக் கொடுத்தால் பதற வேண்டாம். இது ஒரு வாரத்தில் ஓடிவிடும் நோயல்ல. ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தாலோ வேகமாக வளர்ந்தாலோ அதை அழுத்திச் சொல்லி முன்தேதி கேளுங்கள்.

டாக்டர் முதலில் பூதக்கண்ணாடி போன்ற கருவியால் பார்ப்பார். பிறகு மரத்துப்போகும் ஊசி போட்டுச் சிறு துண்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பலாம். கத்தி பட்டால் புற்று பரவும் என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அதைக் கேட்டு ஓடிவந்தவர்களை நான் அறிவேன். துண்டு எடுப்பதால் இந்நோய் பரவுவதில்லை. எடுக்காவிட்டால்தான் இன்னது என்று தெரியாமல் போகும்.

சிகிச்சையில் முதலிடம் வெட்டி எடுப்பதற்குத்தான். சிறிய, விளிம்பு தெளிவான பருவாக இருந்தால் சுற்றிலும் நான்கு மில்லிமீட்டர் அளவு நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார்கள். அண்ணனிடம் சொல்லுங்கள்: பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது. அந்த இடம் மட்டும்தான் மரத்துப்போகும். பேசிக்கொண்டிருக்கும்போதே முடிந்து, சிறிய பருவென்றால் அன்றே வீடு திரும்பலாம். முகத்துத் தையலை ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிரித்துவிடுவார்கள். மூக்கில் தோல் பற்றாமல் போனால் கன்னத்திலிருந்தோ காதுக்குப் பின்னாலிருந்தோ எடுத்து ஒட்டுவார்கள். இப்படி முதலிலேயே முழுமையாக எடுத்தவர்களில் 100க்கு 95 பேருக்கு அதே இடத்தில் மறுபடி வருவதில்லை. அடுக்கடுக்காக எடுத்து அங்கேயே சோதித்துக்கொண்டு வெட்டும் மோஸ் என்ற முறையும் உண்டு. மூக்குக்கும் கண்ணுக்கும் அது மிகச் சிறந்தது. ஆனால் எல்லா மருத்துவமனையிலும் கிடையாது. தோலின் மேலாக மட்டும் பரவியிருந்தால் களிம்பு, உறைய வைத்தல், சுரண்டிச் சுடுதல் ஆகியவை போதும். அந்தக் களிம்பு டாக்டர் எழுதிக் கொடுப்பது, கடையில் நாமாக வாங்குவதல்ல. வெட்ட முடியாத முதியவர்களுக்குக் கதிர்வீச்சு உண்டு. அதற்குக் கோலாலம்பூருக்கோ புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்கோ பலமுறை போய்வர வேண்டியிருக்கும். 84 வயதில் அந்த அலைச்சலைவிட ஒருமுறை கத்தி மேல் என்பது என் கருத்து.

அண்ணன் சொல்வதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். படுத்த படுக்கையாக, வேறு பெரிய நோயோடு இருப்பவருக்குச் சிறு பரு என்றால் டாக்டரே பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிடுவதுண்டு. ஆனால் உங்கள் தாயார் தாமே சமைத்துச் சாப்பிடுகிறார், கோயிலுக்கு நடந்து போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இன்னும் ஐந்தாறு வருடத்தில் அந்தப் பரு மூக்கின் குருத்தெலும்பைத் தொடும். அப்போது அவருக்கு 90 வயது, வெட்டும் பெரிதாக இருக்கும்.

அவர் இரத்தம் இளக மாத்திரை சாப்பிடுபவரானால் அதைச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். சர்க்கரை இருந்தால் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள், புண் ஆறும். எடுத்த பிறகும் குறித்த தேதிகளில் காட்டத் தவறக் கூடாது. ஒருமுறை வந்தவருக்கு வேறிடத்தில் இன்னொன்று வருவது சகஜம்.

வாசகர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் புதிதாக வந்து பரவும் கறுப்பு வேறு வகை, ஆபத்தானது. 1981இல் காலமான பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரலில் வந்ததும் அதுவே. அதற்கு ஒரு மாதம்கூடப் பொறுக்க வேண்டாம், அந்த வாரமே போங்கள்.

செனவாங் சகோதரிக்கு: அம்மாவைத் தனியாக அனுப்பாதீர்கள். நீங்களோ அண்ணனோ கூடப் போங்கள். அண்ணன் போனால் இன்னும் நல்லது, அவர் கேள்விகளை டாக்டரிடமே கேட்கட்டும். பருவைப் பக்கத்தில் ஒரு ஐந்து காசு வைத்து இன்றே கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வளர்ந்ததா என்று காட்ட உதவும். எந்தத் தோட்டம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம்வரை மருந்து அடித்தார் என்று அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.